மூடாத கண்

திருவிடந்தை ரிசார்ட் ஒன்றில் நனைந்த ஓலைக்கூரையின் வாசனை அடித்ததும், தொண்ணூறுகளில் அதே இடத்தில் நின்ற எங்கள் ஜெபக் கொட்டகை நினைவில் விரிந்தது; காலில் குத்தும் கோரைப்பாய், டோலக், அலையை மீறிக் கத்தும் மைக். கூட்டம் முடியும்போதெல்லாம் பாஸ்டர், "எல்லாரும் கண்ண மூடுங்க, ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறவங்க மட்டும் கையத் தூக்குங்க" என்பார். நான் மூடமாட்டேன். அப்படிக் கை தூக்கிய பக்கத்து வீட்டு அக்கா ஊழியத்துக்கென்று வடக்கே போனவள், திரும்பவேயில்லை. அடுத்து யாரைக் கூட்டிப்போவாரோ என்று கர்த்தர்மேலேயே எனக்குச் சந்தேகம். ஒரு ஞாயிறு அம்மாவின் கை மெல்ல உயர்ந்தது. பாய்ந்து பிடித்துக் கீழே இழுத்தேன். கண் திறக்காமலே அம்மா சொன்னாள்: "வுடுடி, அவரு பாத்துட்டாரு."

அம்மா எங்கும் போகவில்லை. பார்த்தது பாஸ்டரா கர்த்தரா என்று கேட்கத்தான் எனக்கு இன்னும் பயம்.