முகூர்த்தத்தில் வெள்ளை தேடியவன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு வீடியோ கடையில் லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். லைட் பிடிப்பவனுக்கு இரண்டு வேலைதான். கல்யாண வீட்டார் கண்ணைக் கூசவைக்க வேண்டும். முதல் பந்தி எப்போது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டிலும் நான் கெட்டிக்காரன். ஒருமுறை ஒரே நாளில் இரண்டு கல்யாணம் விழுந்ததால் முதலாளி என் தோளில் கேமராவை ஏற்றி, பாடமும் சொல்லி ஆவடிக்கு அனுப்பிவிட்டார்.

"கேமரான்றது ஒரு கேனைப்பா. எது வெள்ளைன்னு நீதான் அதுக்குக் காட்டணும். வெள்ளையா எதுனா ஒண்ணை படம் முழுக்க ரொப்பிக் காட்டி பட்டனை அமுக்கு. மத்த கலரை அதுவே பார்த்துக்கும். வெளிச்சம் மாறிச்சினா மறுபடி காட்டு."

அவர் எப்போதும் காட்டுவது ஒரு வெள்ளை அட்டை. அது அவருடைய ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, ஸ்கூட்டர் பூந்தமல்லி கல்யாணத்தில் இருக்கிறது என்ற ஞானம், ஆவடி மண்டபத்தில் நாதஸ்வரம் ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வந்தது.

பெண்ணின் அப்பா தளவாடத் தொழிற்சாலைக்காரர். குவார்ட்டர்ஸில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலி. மூத்த மகன் பட்டாளத்தில், எங்கோ வடக்கு எல்லையில். தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

"அவன் பாக்கப்போறது இந்தக் கேசட்ட மட்டுந்தான் தம்பி. தாலி கட்டுறது படத்துல நல்லா விழணும்" என்று வாசலிலேயே என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்துக் கேமராவில் எட்டிப் பார்த்தால் எல்லாம் கறுப்பு வெள்ளை. கலர் தெரிகிற ஒரே இடம் பந்தியில் இருந்த டிவி. சாப்பிடுகிறவர்களும் மேடையைப் பார்க்கட்டும் என்று ஒயர் இழுத்து விட்டிருந்தோம். அதாவது, நான் செய்கிற தப்பு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு லைட் பிடிக்க வந்த கூட்டாளி பந்திப் பக்கம் போய்த் திரும்பினான். "மாமே, பொண்ணு நீலமா கீது. அல்லாரும் வாயில வச்சதை மெல்லாம டிவியையே பார்த்துகினு கீறாங்க."

காரணம் எளிது. முதலாளி முந்தின நாள் கடை விளக்கில் வெள்ளை காட்டி வைத்திருந்தார். இங்கே ஜன்னல் ஜன்னலாகக் காலை வெயில். உடனே வெள்ளையாக ஏதாவது காட்ட வேண்டும்.

நம் கல்யாணத்தில் வெள்ளையைத் தேடிப் பாருங்கள். மாப்பிள்ளை வேட்டி மஞ்சளில் நனைத்தது. பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள். சுவர் பச்சை. என் கைக்குட்டை வெள்ளையாக வாங்கியதுதான். மேற்கொண்டு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. தவில்காரரின் துண்டைக் கேட்டு வாங்கி, பெண்ணின் முகத்தருகே பிடித்தேன். பெண்ணின் அத்தை அதைப் பிடுங்கி என் மேலேயே எறிந்தார்.

"ஏய்யா, கல்யாணப் பொண்ணு முகத்துக்கு நேரே வெள்ளைத் துணியப் பிடிக்கியே, கூறு இருக்கா ஒனக்கு?"

அப்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் செருப்பைத் தேடிக் குனிந்தார். அவர் பின்பக்கத்தில், கேமராவை முழுக்க ரொப்பும் அளவுக்குச் சலவை வேட்டி. கடவுள் காட்டிய இடம் என்று பட்டனை அமுக்கினேன். அதற்கு வண்ணான் துறையில் தாராளமாக நீலம் போட்டிருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அந்த நீலத்தையே வெள்ளை என்று நம்பிய கேமரா, மற்றதையெல்லாம் மஞ்சளுக்குத் தள்ளியது.

"இப்ப மஞ்சளா கீது மாமே" என்றான் கூட்டாளி. "மாப்ள ஊட்டம்மா, பொண்ணுக்குக் காமாலையான்னு கேக்குது. அதுக்கு முன்னாடி யாரோ குனிஞ்சாங்களாமே, பந்தியே சிரிக்குது."

ஐயர் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்கு அனுப்பிவிட்டார். தட்டு வரிசை வரிசையாகப் போகிறது. திரும்பி வந்தால் கெட்டிமேளம். நான் பந்திப் பக்கமே எட்டி எட்டிப் பார்ப்பதை மேடையிலிருந்து பெண்ணின் அப்பா கவனித்தார். பசி என்று நினைத்தாரோ என்னவோ, பந்தியிலிருந்து ஒரு தட்டு வரவழைத்து நீட்டினார். "ரெண்டு வாய் சாப்பிடு தம்பி."

தட்டில் மூன்று இட்லி. பரிமாறிய புண்ணியவான் சாம்பாரையும் ஊற்றியிருந்தான். இரண்டு இட்லி ஏற்கெனவே மூழ்கியாயிற்று. மூன்றாவது இட்லி மட்டும் தூய வெள்ளையாக, கரையில் நின்றது. சாம்பார் அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"மாமா, தட்டைச் சாய்க்காதீங்க. அப்படியே பாப்பா முகத்துக்குப் பக்கத்துல தூக்கிப் பிடிங்க" என்றேன்.

"எதுக்குப்பா?"

"பையன் பாக்க வேணாமா?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மகள் கன்னத்துக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்தார். மகள் பயந்து அப்பாவைப் பார்த்தாள். நான் அந்த ஒற்றை இட்லியை முழுத் திரைக்கு இழுத்து, பட்டனை அமுக்கினேன். பந்தியிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு. பின்னாலேயே கூட்டாளியின் குரல்: "மாமே, சிவப்புப் பொடவை சிவப்பா கீது." கெட்டிமேளம். தாலி விழுந்தது. தட்டோடு நின்ற அப்பாவும் விழுந்தார், படத்தின் ஓரத்தில்.

கேசட் போட்டுப் பார்த்த அத்தைக்குத் திருப்தி இல்லை. "பிள்ளையக் கறுப்பாக் காட்டிட்டான். அந்த மஞ்சளாவது மங்களகரமா இருந்துச்சு."

சில மாதம் கழித்து மகன் லீவில் வந்தான். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். உதை என்றே முடிவு செய்து, தப்பி ஓட வசதியாக வாசற்படி ஓரம் உட்கார்ந்தேன். அவன் கேசட்டைப் போட்டு ரிமோட்டை என்னிடம் கொடுத்தான். நீலத் தங்கை வந்தாள், மஞ்சள் தங்கை வந்தாள், தாலிக் கட்டம் வந்தது.

"நம்ம பாப்பா நெறம் அப்படியே இருக்குப்பா" என்றான் அப்பாவிடம். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. அந்த இட்லிய இன்னொரு தடவ பாக்கணும். அங்க ரொட்டி தின்னு நாக்கு செத்துப்போச்சு."