மேடைக்குப் பின்னால் ஆக்கள் இருக்கினம்

அந்த அரங்கை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மேடையும் இல்லை, திரையும் இல்லை. அதன் நடுவே யாரோ கொண்டுவந்து விரித்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மடிப்பு மேசைதான். மேசையில் மூன்று தண்ணீர்ப் போத்தல்களும் ஒரு பெட்டி ரிஷ்யூத் தாளும் இருந்தன. காலடியில் ஒரு ஹீற்றர் முனகிக்கொண்டிருந்தது. சுற்றிவர, நூறு வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு நாடக அரங்கு. பொன்பூச்சு உரிந்த வளைவு, கடைந்த மரத் தூண்கள், மேல்மாடம், சாயம் போன சிவப்புத் திரை. இவ்வளவும் ஒரு மனநல ஆஸ்பத்திரியின் உள்ளே, சலவைப் பகுதிக்குப் போகும் நீண்ட நடையின் முடிவில் இருந்தன. அந்த மேசையில்தான் ஒரு பெண் வீட்டுக்குப் போகலாமா, கூடாதா என்று அன்று முடிவாக இருந்தது.

நான் மொன்ட்ரியாலில் மொழிபெயர்ப்பாளராக ஓடித்திரிந்த காலம் அது. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்று பெட்டி அடுக்கினேன். பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன். பிறகு மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயர் பதிந்தேன். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவேன். எங்களுக்கு விதி ஒன்றுதான். சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது. அறையில் நாங்கள் ஒரு ஆளே அல்ல, குரல் மட்டும்தான் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. குரலாக மட்டும் இருப்பவள் மேல் ஒருவரும் பழி போட முடியாது அல்லவா.

அன்றைக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய்விட்டேன். வழக்கமான விசாரணை அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதால் அரங்குக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றார் கட்டடப் பராமரிப்பாளர். ஹெய்ட்டியில் பிறந்தவர், மொன்ட்ரியால்-நோரிலிருந்து நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஹீற்றருக்கு வயர் இழுத்துக்கொண்டே அந்த இடத்தின் கதையைச் சொன்னார். விக்டோரியா மகாராணி காலத்து வைத்தியர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்ததாம்: பாட்டும் நாடகமும் கலங்கிய மனதைத் தெளிய வைக்கும் என்று. அதற்காகவே இதைக் கட்டினார்கள். ஆண் நோயாளிகள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், நடுவில் காவலுக்குப் பணியாட்கள். வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவனுக்கு அந்தக் காவல் வேலை லேசாகக் கிடைக்குமாம். நகரத்துக் கனவான்கள் வண்டி பூட்டி வந்து பார்ப்பார்களாம். "நாடகத்தைப் பார்க்க வந்தார்களோ, ஆட்களைப் பார்க்க வந்தார்களோ, யாருக்குத் தெரியும்" என்று சிரித்தார். பிறகு சினிமாப் படம் காட்டினார்கள், அதற்குப் பிறகு டிசம்பரில் நத்தார் விழா மட்டும். கடைசியில் உடைந்த கதிரைகளை அடுக்கும் இடமாகிவிட்டது.

"இங்கே வா" என்று மேடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே பூசாத செங்கல் சுவர். அதில் பென்சிலாலும் ஆணியாலும் எழுதிய பெயர்கள். ரோஸ், எட்வர்ட், மேரி-ஆன், தோமஸ். ஓரிடத்தில் 'எலன், அரசி' என்று இருந்தது. நாடகத்தில் நடித்த நோயாளிகள் மேடைக்குப் போகும் முன் இங்கே நின்று எழுதியவை. நாற்பதுக்குக் குறையாது. "இரண்டு தரம் வெள்ளையடிக்கச் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் புத்தகங்களில் இவர்களுடைய நோயின் பெயர் இருக்கும். எலன் அரசியாக நடித்தாள் என்பது இந்தச் சுவரில் மட்டும்தான் இருக்கிறது" என்றார்.

நோயாளியைத் தொடர்ந்து உள்ளே வைத்திருக்கலாமா என்று தீர்மானிக்கும் விசாரணைக் குழுவில் மூவர். தலைமை தாங்கிய தவிசாளர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு சட்டத்தரணி. சிகிச்சை கொடுத்த வைத்தியர் ஒரு பக்கம் இருந்தார். மறுபக்கம், அவரை எதிர்த்து விண்ணப்பித்த நோயாளியும் அவருடைய இளம் சட்டத்தரணியும். நோயாளியை நான் அன்ரி என்றே கூப்பிட்டேன். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். அறுபதைத் தொடும் வயது. மகளின் ஸ்வெட்டர் தோளிலிருந்து வழுகி விழும் அளவுக்கு மெலிந்திருந்தார். விரலில் ஜெபமாலையைச் சுற்றி வைத்திருந்தார். மகள் இரண்டு வரிசை பின்னால் இருந்தாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் வீடு, அங்கேயே ஒரு கார்டெரியில் பிள்ளைகள் பார்க்கிற வேலை. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வைத்தியர் கோப்பைத் திறந்து பேசத் தொடங்கினார். நான் அன்ரியின் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். இளவேனிலில் கணவர் இறந்தபின் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார். ஒக்டோபரில் ஒரு காலை, கோட் இல்லாமல் வெறுங்காலோடு பஸ் தரிப்பில் நின்றவரைப் பார்த்து மகளே பொலிஸைக் கூப்பிட்டிருக்கிறாள். அன்ரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு வைத்தியர் ஒரு பக்கத்தைத் திருப்பி, குரலைச் சற்றே தாழ்த்தினார். பூட்டியிருக்க வேண்டிய இந்த அரங்கின் மேடைக்குப் பின்னால் நோயாளியை மூன்று தரம் தாதிகள் கண்டிருக்கிறார்கள். இருட்டில் தனியே நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கொஞ்சம் பொறுத்து, தன் மொழியில் ஏதோ முணுமுணுக்கிறார். பிறகு அடுத்த பெயர். இல்லாத ஆட்களோடு உரையாடுகிறார். மருந்து கூட்டியும் நிற்கவில்லை. இன்னும் சில மாதம் இங்கேயே வைத்திருக்க வேண்டும்.

அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் கண் மேடைத் திரைக்குப் போனது. அந்தச் சுவரை நான் சற்று முன்புதான் பார்த்திருந்தேன்.

தவிசாளர் அன்ரியை நேரே பார்த்துக் கேட்டார்: "மேடைக்குப் பின்னால் போய் என்ன செய்வீர்கள், மடாம்?"

"அங்க ஆக்கள் இருக்கினம்" என்றார் அன்ரி, வெகு சாதாரணமாக. "நான் அவையைப் பேர் சொல்லிக் கூப்பிடுறனான்."

அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். வைத்தியரின் பேனா ஓடியது.

"அவர்கள் பதில் சொல்வார்களா?"

"பதில் சொல்லத் தேவையில்லை. நான் கூப்பிடுறது அவைக்குக் கேக்கும்."

அதையும் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். இளம் சட்டத்தரணி தன் தாள்களைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பின்னால் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. விதிப்படி முழுச் சரி. அந்தச் சரியான சொற்களே அந்தப் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தன. தவிசாளர் "நன்றி, மடாம்" என்று கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த கேள்வி இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பல விசாரணைகளில் கண்டிருக்கிறேன். இந்தப் பட்டியலில் இருந்து பெயர் போனால் திரும்பவும் பெட்டி அடுக்கத்தான் போகவேண்டும் என்பதும் அந்த நேரம் மனதில் ஓடியது. பொய் சொல்லமாட்டேன்.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க அனுமதி கோருகிறார்" என்றேன். எங்களைப் பற்றி நாங்கள் அப்படித்தான் பேச வேண்டும், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

வைத்தியர் நிமிர்ந்தார். "பதில் தெளிவாகத்தானே இருந்தது" என்றார். தவிசாளர் என் பக்கம் திரும்பினார். "ஒரு கேள்வி. ஒன்றே ஒன்று" என்றார்.

நான் அன்ரியிடம் திரும்பினேன். "அன்ரி, ஆக்கள் இருக்கினம் எண்டு சொன்னனீங்கள். அவையைக் கண்ணால கண்டனீங்களோ?"

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உமக்கென்ன பிள்ளை, விசரே? செத்த ஆக்களை ஆர் கண்ணால காணுறது? சுவரில பேர் கிடக்கு. வாசிக்கிறன்."

சொன்ன எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. "உனக்கென்ன பைத்தியமா, பிள்ளை?" என்று தொடங்கி முழுவதையும் பிரெஞ்சில் சொன்னேன். கதவடியில் நின்ற பராமரிப்பாளர் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. தவிசாளர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "எந்தச் சுவர்?" என்று கேட்டார்.

பராமரிப்பாளர் முன்னால் போக, நாங்கள் எல்லோரும் மேடைப் படியில் ஏறித் திரைக்குப் பின்னால் போனோம். வைத்தியர் தன் ரெலிபோன் வெளிச்சத்தைச் செங்கல்லில் பிடித்தார். அன்ரி சுவரோடு ஒட்டி நின்று விரலால் தடவி வாசித்தார். "ரோஸ்." கொஞ்சம் நிறுத்தி, உதட்டுக்குள் ஒரு சிறு மன்றாட்டு. "எட்வேட்." மறுபடி மன்றாட்டு. அவருடைய ஊர்க் கோயிலில் நவம்பர் மாதம் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடுவார்களாம். இங்கே ஆஸ்பத்திரியில் கோயில் இல்லை. தோட்டத்துக்குக் கூட்டிப் போகும் வழியில் கொக்கி கொளுவாத ஒரு கதவைக் கண்டு உள்ளே வந்திருக்கிறார். "இவைக்கு மண்டாட ஆர் இருக்கினம்? வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டிட்டுப் போன சனம்" என்றார். அந்தக் கடைசி வசனத்தையும் நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது மகளின் பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

மகள் அழுதுகொண்டே, "அம்மா, இதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்றாள்.

"ஆர் கேட்டவை?"

வைத்தியர் வெளிச்சத்தை ஒவ்வொரு பெயராக நகர்த்தினார். பல வருடமாக இங்கே வேலை செய்தும் இந்தச் சுவரைப் பார்த்ததில்லை என்றார். பிறகு மேசைக்குத் திரும்பியபோது, "ஆனாலும் அவர் சாப்பிடுவதில்லை. அதற்கு விளக்கம் இந்தச் சுவரில் இல்லை" என்றார். அவர் சொன்னதும் உண்மை. குழு அரை மணித்தியாலம் தனியே பேசிவிட்டு வந்தது. சாப்பாட்டை மட்டும் காரணம் காட்டிப் பூட்டி வைக்க முடியாது, அன்ரி வீட்டுக்குப் போகலாம் என்றார் தவிசாளர்.

நடையில் என்னை மகள் மறித்தாள். கோபத்தில் அவளுக்கு முகம் சிவந்திருந்தது. "உங்களுக்கு நல்ல காரியம் செய்த திருப்தி. நாளைக்கு அவ சாப்பிடாமல் கிடந்தால் ஆர் பாக்கிறது? வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறக்க நான் ஒவ்வொரு நாளும் பயந்தனான், தெரியுமா?" என்றாள். தாய் அதற்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்.

அடுத்த கிழமை மொழிபெயர்ப்பாளர் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். விசாரணையின் நடுவே மொழிபெயர்ப்பாளர் தானாகக் கேள்வி கேட்டதாக முறைப்பாடு. எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். அது பெரிதாக வலிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமைதான் என்னைத் தின்றது. அந்தக் குடும்பத்தை நான் ரெலிபோனில் விசாரிக்கக் கூடாது, அதுவும் விதி. அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கமா போகிறது என்று காது கொடுப்பேன். சோற்றைப் பிசையும்போது அந்த வழுகும் ஸ்வெட்டர் கண்ணில் வரும். சுவரைக் காட்டியது சரி. ஆனால் ஏன் சாப்பிடுவதில்லை என்று அன்று அந்த மேசையில் ஒருவரும் அன்ரியிடம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்க விட்டார்கள்; அதை நான் சரியாகத்தான் கேட்டேனா?

நாலாம் கிழமை காலை அழைப்பு வந்தது. அதே ஆஸ்பத்திரி, அனுமதிப் பிரிவு, மன்னார்ப் பெண்மணி. முன்பு வந்த மொழிபெயர்ப்பாளரையே அனுப்பச் சொல்கிறார். மெத்ரோவில் ஒரு மணித்தியாலமும் நான் வாசல் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். உட்கார முடியவில்லை. என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். ஸ்ட்ரெச்சரில் கிடப்பார், கையில் ஊசி குத்தியிருப்பார், மகள் என்னைக் கண்டதும் எழும்பி வருவாள்.

அன்ரி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். காலடியில் ஒரு சின்னப் பயணப் பை. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"ஒருத்தரும் கொண்டு வரேல்லை. நானாத்தான் பஸ் எடுத்து வந்தனான்" என்றார். "மகள் வேலைக்குப் போட்டாள். பேந்து, வேலை முடிஞ்சு வர, சொல்லுவம்." பிறகு எதிரே எழுதிக்கொண்டிருந்த தாதியைப் பார்த்து, ஆனால் என்னிடம் சொன்னார்: "அந்த மனுசன் போன நாளில இருந்து சாப்பாடு தொண்டைக்குள்ள இறங்குதில்லை. வாயில வைச்சால் மண் மாதிரிக் கிடக்கு. அண்டைக்குப் பேர் வாசிச்சதைத்தான் கேட்டவை. இதை ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்குச் சாகிறதுக்கு விருப்பமில்லை எண்டு சொல்லும், பிள்ளை. மருந்திருந்தால் தரச் சொல்லும்."

சொன்னேன். தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து கிழமை அன்ரி அங்கே தன் விருப்பத்தோடு இருந்தார் என்று பிறகு அறிந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கோப்பு எனக்கு வரவில்லை.

இப்போது நான் மொழிபெயர்ப்பு வேலையை விட்டுவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலகப் பணி. போன மாதம் ஒரு தமிழ்க் கடை வாசலில், இரண்டு கையிலும் பையோடு அந்த மகளைக் கண்டேன். என்னை அடையாளம் கண்டு நின்றாள். அம்மா நல்லாச் சாப்பிடுகிறா, சமையலில் பிழை பிடிக்கவும் தொடங்கிவிட்டா என்றாள். பிறகு பைகளைக் கீழே வைத்துவிட்டு, "அண்டைக்கு உங்களோட கோபப்பட்டதுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டன். நான் பயந்ததும் உண்மைதானே" என்றாள்.

"ஓம், உண்மைதான்" என்றேன். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பக்கத்தில் நின்ற அவளுடைய காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து அன்ரி எட்டிப் பார்த்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. என் முகம் அவருக்குப் பிடிபடவில்லை. "ஆர் பிள்ளை அது?" என்று மகளைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில உங்களுக்காகப் பிரெஞ்சில கதைச்சவ, அம்மா."

அன்ரி என்னை உற்றுப் பார்த்தார். "ஓ" என்றார். "என்னட்டைக் கேள்வி கேட்ட பிள்ளை."