இடது பக்கக் கிட்டார்

1. முதல் நாள்

“அண்ணே, என் கிட்டாரை முழுசா லெஃப்ட்ல தள்ளிடுங்க. மேகலாவோடத ரைட்ல. நடுவுல டிரம்ஸும் பாட்டும் மட்டும் இருக்கட்டும்.”

ஸ்டுடியோவுக்குள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்பரசு சொன்னது இது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. தருமபுரியில் உரக்கடை மாடியில் இருபது வருஷத்துக்கு மேலாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மாரியம்மன் பாட்டு, ஆட்டோவில் போகும் ஜவுளிக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பாட்டு கட்டிங் என்று எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கே பாடம் எடுக்க வந்துவிட்டானா என்று நினைத்தேன்.

பேன் நாப் என்று ஒன்று உண்டு. அதைத் திருகினால் ஒரு சத்தத்தை இடது ஸ்பீக்கருக்கோ வலது ஸ்பீக்கருக்கோ ஒதுக்கலாம். நான் அவ்வளவு தூரம் ஒதுக்க மாட்டேன். இருந்தாலும் அவன் சொன்னபடி திருகிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். இரண்டு கிட்டாரும் இரண்டு காதுப் பக்கமும் நின்று சண்டை போட்டன. நன்றாகத்தான் இருந்தது. அவனிடம் அதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

அவர்கள் பேண்டுக்குப் பெயர் தகரக்கொட்டாய். கம்பைநல்லூர் பக்கம் ஒரு தகரக் கொட்டாயில் பயிற்சி செய்ததால் அந்தப் பெயர். மேகலா பாடுவாள், கிட்டாரும் வாசிப்பாள். அன்பரசு லீட் கிட்டார். டிரம்ஸ், பேஸ் இரண்டு பையன்கள். முதல் ஆல்பத்துக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் கொஞ்சம் ரசிகர்கள் கிடைத்தார்கள். ஊரில் யாருக்கும் புரியவில்லை.

2. அப்பா சொன்னது

இரண்டாவது ஆல்பத்துக்கு வந்தபோது அன்பரசு முகமே சரியில்லை.

“என்னடா?” என்றேன்.

“அப்பா வண்டியில நம்ம ஆல்பத்தைப் போட்டாருண்ணே. மேகலா பாப்பா குரல் கேக்குது, மேளம் கேக்குது, உன்னோடதுதான் ஒண்ணுமே கேக்கலன்னு சொல்றாரு. வேலைய வுட்டுட்டு வந்தேன்ல, அந்தக் கடுப்பு. குத்திக் காட்றாரு.”

அவன் அப்பா மாதையன், குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். மஞ்சள், மரவள்ளிக் கிழங்கு, தேங்காய் எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஓசூரில் ஒரு கம்பெனி வேலையை மகன் விட்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால் அவன் சொன்னதை நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

“அவருக்குக் கேக்கலையா? கேக்க வெக்கிறேன்” என்றான்.

அந்த ஆல்பம் முழுக்க அவன், கிட்டாரைக் கரகரவென்று உறும வைக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டிக்கொண்டே போனான். “இன்னும் கூட்டுங்கண்ணே, இன்னும்.” மேகலாவின் குரல் அதற்குள் முங்கிப்போயிற்று. நான் கத்தினேன், கேட்கவில்லை. ஒரு பத்திரிகையில் “காதைக் கிழிக்கும் துணிச்சல்” என்று எழுதினார்கள். மாதையன் அந்த ஆல்பத்தையும் கேட்டுவிட்டு அதே பேச்சைப் பேசினாராம். அப்புறம் அப்பனும் மகனும் பாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

3. மூன்று பேர்

போன மழைக்காலத்தில் அன்பரசுவுக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கை மீறிவிட்டது. இருபத்தேழு வயசு. எழவு வீட்டில் நான் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து மீதி மூன்று பேரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மேகலா புதுப் பாட்டுகள் கொண்டுவந்திருந்தாள். சின்னச் சின்னப் பாட்டு. ஒரு தடவை கேட்டால் வாய் முணுமுணுக்கும், ஒவ்வொரு வார்த்தையும் புரியும். சந்தைக்குப் போகிறவர்களும் நின்று கேட்பார்கள்.

பாடி முடித்துவிட்டு அழுதாள்.

“அவன் இருந்தா இதுக்கு ஒத்துக்குவானாண்ணா? அவன் செத்ததும் சாஃப்ட்டா மாறிட்டாங்கன்னு சொல்லுவாங்க. எனக்கே அப்படித்தான் தோணுது. அவனுக்குத் துரோகம் பண்றேனோன்னு இருக்கு.”

நான் டிரம்ஸ் பையனை டீ வாங்கிவரச் சொன்னேன்.

என் ஹார்ட் டிஸ்க்கில் அன்பரசு எப்போதோ விளையாட்டாக வாசித்த ஒரு கிட்டார் ட்ராக் இருந்தது. டிஸ்டார்ஷன் இல்லை, சத்தம் இல்லை. அதை வைத்து மேகலா கடைசிப் பாட்டை எழுதினாள். ஆனால் அவன் அப்பாவைக் கேட்காமல் சேர்க்க மாட்டேன் என்றாள். தனியாகப் போக அவளுக்குத் தைரியம் இல்லை, என்னையும் கூப்பிட்டாள்.

4. குட்டியானை

நாங்கள் போனபோது மாதையன் மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

“அரூர் போய்ச் சேரணுங்க. வண்டியில ஏறுங்க சார், பேசிக்கிட்டே போலாம். பாப்பா, நீ நடுவுல உக்காரும்மா.”

மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். நான் இடது கதவோரம். வண்டி கிளம்பியதும் அவராகவே பெண்டிரைவைச் சொருகினார். இரண்டாவது ஆல்பம் ஓடத் தொடங்கியது.

“நல்லவேளை நீங்களே வந்தீங்க” என்றார். “இதுல எம்பையன் எங்க வாசிக்கிறான், சொல்லுங்க. அவன் போனதுல இருந்து தெனமும் போட்டுத் தேடுறேங்க. பாப்பா வாசிக்கிறது தெரியுது. அவன் சத்தம் மட்டும் ஆப்புடவே மாட்டேங்குது.”

மேகலா என்னைப் பார்த்தாள். நானும் உற்றுக் கேட்டேன். உண்மைதான். அத்தனை டிஸ்டார்ஷன் வைத்த கிட்டார், துளிகூட இல்லை. சட்டென்று குனிந்து என் முழங்கால் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரில் காதை வைத்தேன். செத்துக் கிடந்தது.

“இந்தக் கதவு மாத்துனதுங்களா?”

“ஆமாங்க. வண்டி வாங்குன புதுசுல லாரிக்காரன் ஒருத்தன் உரசிட்டான். வேற கதவு மாட்டுனேன். ஏனுங்க?”

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர் வாங்கி உள்பலகையைக் கழற்றினேன். ஸ்பீக்கர் வயர் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து போட்டேன்.

இடது பக்கத்திலிருந்து அன்பரசு வந்தான். வண்டியே அதிர்ந்தது.

மாதையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

“இவ்ளோ சத்தமா வாசிச்சானா?” என்றார்.

மேகலாவால் அடக்க முடியவில்லை. “உங்களுக்குக் கேக்கணும்னுதான்ப்பா கூட்டிக்கிட்டே போனான். நீங்க குத்திக் காட்றீங்கன்னு நெனச்சிட்டான்.”

“அய்யோ, நான் நெசமாத்தானே பாப்பா சொன்னேன்! கேக்கலன்னா கேக்கலன்னுதானே சொல்லுவேன்.” துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சாலையில் போகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நானும் அழுதேன். எவ்வளவு கூட்டினாலும் இடது பக்கத்தில்தானே கூட்டினோம்.

5. நடுவில்

அரூரில் இறங்கும்போது அந்த ட்ராக்கைப் பற்றிக் கேட்டோம், தாராளமாகச் சேர்க்கச் சொன்னார் மாதையன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மேகலா சொன்னாள்: “கேக்கணும்னுதான் அவனும் வாசிச்சிருக்கான். எல்லாருக்கும் கேக்கற மாதிரி பாடறது துரோகமெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. கடைசிப் பாட்டுல அவனை நடுவுல வெச்சிடுங்க. எந்த ஓட்டை ஸ்பீக்கர்ல போட்டாலும் வரணும்.”

அப்படியே செய்தேன். அந்த ட்ராக்கைச் சேர்க்கிறபோது பேன் நாப் நடுவில் வந்து நின்றது. முழு ஆல்பத்தையும் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன், பழைய பட்டன் போனில் கேட்டேன், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டேன். புதிதாக மிக்ஸிங் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் ஸ்டுடியோவில் எப்படிக் கேட்கிறது என்று பெருமைப்படாதீர்கள், ஒரு பக்கத்தைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். யாராவது கேட்கவில்லை என்று சொன்னால் அவர் மனசை ஆராய்வதற்கு முன்னால் வயரைப் பாருங்கள்.

ஆல்பம் வந்தது. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் திட்டினார்கள். எல்லாருக்கும் புரிகிற மாதிரி இறங்கிவிட்டார்களாம். மேகலா பதில் எழுதவில்லை.

நான் பெண்டிரைவில் போட்டு மாதையனுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. பின்னால் வண்டி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“சார், கேட்டுட்டேங்க. நல்லா வாசிச்சிருக்கான். எவ்ளோ பொறுமையா வாசிச்சிருக்கான்.”

“சந்தோசங்க” என்றேன்.

இஞ்சினை அணைத்தார்.

“பாட்டு முடிஞ்சதும் அவனுக்குச் சொல்லலாம்னு போனை எடுத்துட்டேங்க. நம்பரைப் போட்டு, அடிச்சும் வுட்டுட்டேன். சுவிச் ஆஃப்னு வந்தப்பதான் நெனப்பு வந்துச்சு. யாருகிட்டயாவது சொல்லணும் இல்லைங்களா, அதான் உங்களுக்குப் போட்டேன்.”