முந்தானையில் என் மனைவியின் பெயர்

போன புதன்கிழமை காலை, பட்டுச் சேலை முதலாளி ஒருவர் வேர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம் — வாலாஜாபாத் வரை அவரைத் தெரியும்!

கையில் ஒரு கல்யாணச் சேலை. முந்தானையை விரித்துக் காட்டினார். அன்னப்பட்சிகளுக்கு நடுவே, கொடியோடு கொடியாக, ஜரிகையில் ‘விமலா’ என்று இருந்தது. ஒன்றல்ல, பதினோரு இடத்தில்.

விமலா என் மனைவி.

“பொண்ணு பேரு சுகந்தி, சார். மாப்ள வீட்ல யாரு அந்த விமலான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

விமலா கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறாள். தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர். இரண்டு தவணை தவறிவிட்டது. மூன்றாவதும் தவறினால் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

வேலை இல்லாமலா? வேலைக்குக் குறைவே இல்லை, காசுதான் வரவில்லை. கிராஃப் தாளில் கையால் வரைந்தபோது மறுபேச்சில்லாமல் கொடுத்தவர்கள், டிசைனை ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்ததும், “பட்டனைத் தட்னா வருது, இதுக்கு இன்னாமா காசு?” என்றார்கள். பட்டனைத் தட்டுவதற்கு முன் பன்னிரண்டு நாள் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தது யாருக்குத் தெரியும்? அவர்களைச் சொல்வானேன்... “ஃப்ளாப்பிதானே, கொடுத்துடேன்” என்று நானே சொல்லியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் ஒரு காரியம் செய்தாள். பார்ப்பதற்குக் கொடுக்கும் மாதிரியில் எல்லாம் தன் பெயரை நுழைத்துவிடுவாள். காசு கொடுத்தால் பெயர் இல்லாத டிசைன் — இதைச் சொல்லித்தான் கொடுப்பாள். நம் முதலாளி, “வூட்ல காட்டிட்டு வரேம்மா” என்று மாதிரியை வாங்கிப் போனவர், அவள் சொன்னதைக் காதில் வாங்காமல், நேராக அட்டை குத்தக் கொடுத்துவிட்டார் — டிசைனைத் துளைகளாகக் குத்தித் தறியில் மாட்டும் அட்டை. அட்டையில் உள்ளதைத் தறி நெய்துவிட்டது.

“நெய்தவர்கூடவா பார்க்கல?” என்றேன்.

“கேட்டேன் சார். கல்யாணப் பொண்ணு பேரா இருக்கும்னு நெனச்சாராம்!”

விமலா முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

“பேர் இல்லாத டிசைன் இப்பவே தரேன்ணா. முழுப் பணம்.”

கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பேரம் பேசாமல் அங்கேயே கொடுத்தார். கம்ப்யூட்டர் பிழைத்தது! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

கிளம்பும்போது சேலையை நீட்டினார். “இத்த இனிமே யாரு வாங்குவா? நீயே வெச்சுக்கமா.”

“சும்மா வேணாம்ணா. நெய்தவருக்கு இன்னா கூலி கொடுத்தீங்க? அத்த மூணு மாசத்துல நான் தரேன்.”

மனிதர் கூலியைச் சொல்லி, சேலையை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அப்படி ஒரு நடை! பிராகாரத்தில் ஒரு அம்மாள் நிறுத்தி, முந்தானையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இதே டிசைன்ல என் பேரு போட்டுக் கெடைக்குமாமா?” என்று கேட்டாராம்.

“தாராளமா. பேருக்குத் தனி சார்ஜ்!”