வண்டிக்கு வைத்த நெல் ஒத்தடம்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. தை மாதம். திருவாலங்காட்டிலிருந்து திருவள்ளூர் வரும் சாலையில், பொழுது விடிந்தும் பனி விலகாத ஒரு காலையில் நடந்தது இது.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பாயிடம் வேலை பார்த்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, லாரி கிளீனர், ஹோட்டலில் மாவு பிசைவது, இரும்பு ஆலையில் லோடு ஏற்றுவது என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பழைய எண்ணெய்க்கு வந்து சேர்ந்திருந்தேன். பாய் பழவேற்காட்டுக்காரர். ஆலை கேன்டீன்களிலும் பஜ்ஜிக் கடைகளிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை டின் டின்னாக வாங்கி சோப்புப் பட்டறைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். டீசல் விலை ஏற ஏற, இந்த எண்ணெயிலேயே வண்டி ஓட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தெரிந்த மெக்கானிக்கைப் பிடித்து, தன் பழைய டீசல் வேனில் சீட்டுக்குப் பின்னால் இன்னொரு டேங்க் வைத்தார். எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டி அதில் ஊற்றுவது என் வேலை.

அதை ஓட்ட ஒரு முறை உண்டு. டீசலில் கிளப்ப வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஒரு திருகைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி டீசலுக்கு மாற்றிக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் நிற்கும் எண்ணெய் ஆறிக் கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும். "மறந்துகூட அப்படியே ஆஃப் பண்ணிடாத நைனா, அப்புறம் ஒரே பேஜாரு" என்று பாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்.

வண்டி போகும் இடமெல்லாம் வடை வாசனை. நாய்கள் பின்னாலேயே ஓடி வரும். ரம்ஜான் நோன்பு நாட்களில் மட்டும் பாய் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டுவார்.

அந்த நாளுக்கு முந்தின இரவு திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். மிஞ்சிய எண்ணெயை ஏற்றிக்கொள்ள மண்டபத்திலேயே படுத்திருந்துவிட்டு விடிந்ததும் கிளம்பினோம். டேங்க் காலியாக இருந்ததால் அந்த எண்ணெயிலேயே கொஞ்சம் ஊற்றினேன். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த டின் என்பதால் தண்ணீர் போலத்தான் இருந்தது. ஜாங்கிரிக்காக வனஸ்பதியும் அதில் சேர்ந்திருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

எண்ணெய்க்கு மாற்றிச் சில மைல் வந்திருப்போம். ஒரு பெண் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"பாய், நிறுத்து பாய்! எங்க ஊட்டுக்காரர பாம்பு கட்ச்சிடுச்சி!"

பாய் பிரேக்கை மிதித்தார், சாவியைத் திருகினார், கதவைத் திறந்து குதித்தார். இன்ஜின் ஓய்ந்தது எனக்கும் உறைக்கவில்லை. வரப்பில் அவளுக்குப் பின்னால் ஓடினோம். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். வைக்கோல் பிடுங்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. பாதம் வீங்கி மினுமினுத்தது. கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, சேற்றிலும் வரப்பிலும் தடுமாறி, ரோட்டுக்குத் தூக்கி வர வெகுநேரம் ஆகிவிட்டது.

ஏற்றிவிட்டு பாய் சாவியைத் திருகினார். வண்டி முக்கியது, கிளம்பவில்லை. மறுபடியும் முக்கியது. பாய் என்னைப் பார்த்தார். நான் திருகைப் பார்த்தேன். அது எண்ணெய்ப் பக்கமே இருந்தது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெளேரென்று, பனிக்காலத்து நெய் போல.

"யா அல்லா! ஊருக்கே சொன்னவன், நானே ஆஃப் பண்ணிட்டேனே" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் எல்லாம் வராத காலம். ஊரில் இருந்த ஒரே டிராக்டர் மூட்டை ஏற்றிக்கொண்டு அரக்கோணம் போயிருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பெண் வண்டிக்குள் கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டோரக் களத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா பெரிய அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடியபோதும் கட்டிலோடு வந்தபோதும் முதுகைக் காட்டியே நின்றார். பாய் அவரிடம் ஓடினார்.

"அம்மா, கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க. குழாயில எண்ணெய் ஒறஞ்சிபோச்சி. ஊத்தினா எளகும்."

உள்ளே இருந்த பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "வாணாம்ணா. அவங்களோட எங்களுக்குப் பேச்சுவார்த்த இல்ல. வரப்புத் தகராறு. ஸ்டேசன் வரைக்கும் போயாச்சி."

அந்த அம்மா வேனைப் பார்த்தார். உள்ளே கிடப்பவரைப் பார்த்தார். பிறகு பாயிடம் சீறினார்.

"தண்ணி ஊத்தினா ரோட்டோட ஓடிப்பூடும். எவ்ளோ நேரம் நிக்கும் அந்த சூடு? சாக்கு எடுத்தா." என் பக்கம் திரும்பினார். "இன்னாடா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? புடி!"

அண்டாவிலிருந்து ஆவி பறக்கும் நெல்லைக் கூடையால் வாரி வாரிச் சாக்கில் கொட்டினார். அடிபட்ட முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பது போல அந்த மூட்டைகளை, மறுபடி மாட்டிய ஃபில்டரைச் சுற்றியும், குழாயின் மேலும், டேங்கைச் சுற்றியும் அணைத்து வைத்தோம். கை சுட்டது. ஒரு மூட்டை ஆறினால் அதைத் தள்ளிவிட்டு அடுத்தது. அந்த வீட்டின் வருஷத்துச் சாப்பாடு அது. பாதி ரோட்டிலேயே சிந்தியது. அந்த அம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வேனில் கிடந்தவருக்குக் கண் சொருகியது. மனைவி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத. எங்க வரப்ப இன்னும் அவன் திருப்பிக் குடுக்கல. அத்த குடுக்காம எப்பிடி போவான்?" என்றார் அந்த அம்மா. பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "டேய், கண்ண மூடாத! போன தபா பஞ்சாயத்துல என்னிய இன்னாடா சொன்ன? இப்ப சொல்லு பாக்கலாம்."

அவர் உதடு அசைந்தது. "சும்மா இரு... கெய்வி."

"யாருடா கெய்வி? உன் பல்லெல்லாம் கொட்டினப்புறம் கூட நான் கரும்பு கடிப்பேன்டா!"

அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரம் பாய் மறுபடி சாவியைத் திருக, வண்டி ஒருமுறை இருமி, கறுப்பாகப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அவித்த நெல் வாசனையும் ஜாங்கிரி வாசனையும் கலந்து அடித்தன.

நாங்கள் கதவைச் சாத்துவதற்குள் அந்த அம்மாவும் ஏறிவிட்டார். "அடுப்பப் பாத்துக்கோ" என்று தன் வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தியதோடு சரி. காலில் செருப்பில்லை, தலையெல்லாம் உமி. திருவள்ளூர் வரைக்கும் அந்த மனிதரைத் தூங்க விடவில்லை. வரப்பு, கிணற்றுத் தண்ணீர், அவர் மாடு இவர் நாற்றை மேய்ந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டிக்கொண்டே வந்தார். அவரும் கண்ணைத் திறந்து திறந்து பதில் சொன்னார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜின் ஓய்ந்துவிடக் கூடாதென்று பாய் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கவே இல்லை. வாய் மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி ஏறியது. நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், ஆனாலும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை ஓயாமல் பேசிய அந்த அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்தார். நான் டீ வாங்கி வந்தேன். அந்தப் பெண் ஒரு கிளாஸை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"குடி அக்கா."

அவர் வாங்கிக்கொண்டார். "வரப்பு விசயம் வேற" என்றார் குடித்துக்கொண்டே. "அத்த நான் உட மாட்டேன்."

அந்த மனிதர் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியாமலே சில வாரங்கள் போயின. பிறகு ஒருநாள் அதே சாலையில் வந்தோம். தூரத்திலேயே சத்தம் கேட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா, இடுப்பில் கை. இந்தப் பக்கம் அவர், காலில் கட்டு, ஊன்றிய கோலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு. பாய் வண்டியை மெதுவாக்கி, ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஆளு தேறிட்டான் நைனா, பாரு, கொரல பாரு!" நிறுத்தவில்லை. ஹாரனை மட்டும் நீளமாக அடித்தோம். இரண்டு பேரும் சண்டையை நிறுத்தி எங்களுக்குக் கையசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அந்த வேன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பாயும் பழவேற்காட்டுக்கே திரும்பிவிட்டார். இன்றும் எந்தக் கடையிலாவது எண்ணெய் காயும் வாசனை வந்தால் எனக்கு அந்த இரண்டு பேரும் கையசைத்ததுதான் ஞாபகம் வருகிறது. நான் அத்தனை ஊர் மாறியதற்குக் காரணம் வேலை இல்லாதது மட்டுமல்ல. ஒருவரோடு ஒரு சொல் தடித்துவிட்டால் போதும், மறுநாள் மூட்டையைக் கட்டிவிடுவேன். இப்போது திருவள்ளூர் மணவாள நகரில் ஒரே வீட்டில் பல வருஷமாக இருக்கிறேன். மாடி வீட்டுக்காரரோடு மோட்டார் போடுவதில் வாரம் ஒரு சண்டை. சண்டை போட்ட மறுநாளும் அதே ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் வாழலாம் என்பதை, நெல்லை ரோட்டில் கொட்டித் திட்டிக்கொண்டே வந்த அந்த அம்மாவிடம் பார்த்திராவிட்டால், நான் இன்னும் ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் அடுத்த ஊரை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.