ஐம்பது சொட்டு

முந்தின நாள் காலை தண்ணீரில் ஊறப்போட்ட நான்கு சர்க்யூட் போர்டுத் துண்டுகளை எடுத்துப் பழைய துணியால் ஒற்றித் துடைத்து, சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக வைக்கிறார் மாரிசெல்வி. பழுப்புத் துண்டு நேற்றைவிடக் கனத்திருக்கிறது. "குடிகாரப் பய. இவன நம்பி ஏளாயிரம் வோல்ட்டக் குடுக்க முடியுமா?" என்று அதை ஓரமாகத் தள்ளுகிறார்.

நாரணாபுரம் சாலையில் இருக்கும் இவருடைய பட்டறையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் வெளியே போகவேண்டும். செய்வது அச்சு மிஷின்களுக்கான பெட்டி. பிளாஸ்டிக் தாளில் சாமி படம் அச்சடிக்கும்போது நிலைமின்சாரம் ஏறி, இரண்டு தாள்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு மிஷினுக்குள் போய்விடும். அவற்றைப் பிரிக்க ஊசி வைத்த கம்பி ஒன்று மிஷினுக்குக் குறுக்கே ஓடுகிறது. அந்தக் கம்பிக்கு ஏழாயிரம் வோல்ட் ஊட்டுவது இவருடைய பெட்டி. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு எந்தப் பொருளால் ஆனது என்பதுதான் இவருக்குச் சோறு, தூக்கம் எல்லாம்.

போர்டை நகத்தால் தட்டிப் பார்ப்பார். அறுத்த ஓரத்தை முகர்ந்து பார்ப்பார். எல்லாவற்றிலும் உசத்தி என்று யாராவது டெஃப்லான் போர்டைக் காட்டினால் சிரிப்புதான். "பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டுக் கெணறு வெட்டுவாகளா? வெல பத்து மடங்கு. செம்பும் அதுல சரியா ஒட்டாது." பட்டாசு ஆலை வேனில் வேலைக்குப் போய் வந்த குடும்பத்தில் டிப்ளமோ முடித்த முதல் ஆள். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

போன ஐப்பசியில் மானம் போனது. லட்சுமிகாந்தம் அண்ணாச்சி அச்சகத்தில் இவருடைய பெட்டிகள் ஆறு. கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. காலண்டர் சீசன் உச்சத்தில் மழை பிடித்தது, ஒரே வாரத்தில் நான்கு பெட்டிகள் படுத்துவிட்டன. திறந்து பார்த்தால் பச்சைப் போர்டின் மேல் வேர் ஓடினமாதிரி கறுப்புக் கோடு. மின்சாரம் தனக்குத் தானே பாதை போட்டுக்கொண்டிருந்தது. "ஒம் பெட்டிய நம்புனதுக்குப் பதிலா மளைய நிப்பாட்டச் சொல்லி சாமிகிட்ட வேண்டியிருக்கலாம்" என்று அண்ணாச்சி ஆட்கள் முன்னால் சொன்னார். ஆறு பெட்டிகளையும் வண்டியில் கட்டிக்கொண்டு திரும்பியவர் மூன்று நாள் பட்டறையைத் திறக்கவில்லை. "அளுதேன்னே எளுதிக்கோங்க. இதுல என்ன வெக்கம்?"

நான்காம் நாள் செத்த பெட்டியை விரலால் வழித்துப் பார்த்தார். வெள்ளை மாவு. அச்சடித்த தாள்கள் ஒன்றோடொன்று மை ஒட்டாமலிருக்க மிஷின் தூவுகிற பவுடர் அது. மழைக் காற்றில் அது களியாகி, போர்டின் மேல் மின்சாரத்துக்குப் பாலம் கட்டிவிடுகிறது. போர்டு விற்கிற கம்பெனிகள் சுத்தமான துண்டில்தானே சோதிக்கின்றன! இவர் பவுடரைப் பூசி, மின்சாரம் கொடுத்து, உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு துண்டுக்கு ஐம்பது சொட்டு, அதைத் தாங்கினால் தேறியது. பத்து மாதம். கடைசியில் மஞ்சள் கண்ணாடியிழைப் போர்டு ஒன்று தாங்கியது. அதிலும் வோல்ட் கூடிய இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ரம்பத்தால் கீறி இடைவெளி விட்டார். "பாத இருந்தாத்தான நடப்பான்?"

இந்த ஐப்பசியில், யாரும் கூப்பிடாமலே அண்ணாச்சியின் அச்சகத்துக்குப் போய் நின்றார். அவருடைய மகன் ஹரிபிரசாத் வெளிநாட்டுப் பெட்டிக்குப் பேசி முடித்திருந்தார். எட்டு மிஷினுக்கான ஆர்டர். "ரெண்டையும் சோதிச்சுப் பாப்போம். தோத்துட்டேன்னா இந்தப் பக்கம் வரப்புடாது, என்ன?" என்றார் அண்ணாச்சி. "சரி அண்ணாச்சி."

மேஜையில் இரண்டு போர்டுகளும். சுத்தமாக இருந்தபோது இரண்டுமே ஐம்பது சொட்டைத் தாண்டின. "ரெண்டும் ஒண்ணுதான்க்கா. அப்போ கம்பெனிப் பொருளையே வாங்கிக்கிடுதோம்" என்றார் ஹரிபிரசாத்.

"செத்த இருங்க தம்பி." மாரிசெல்வி எழுந்து, ஓடிக்கொண்டிருந்த மிஷினின் ஓரத்தில் படிந்திருந்த பவுடரை ஒரு கழிவுத் தாளில் வழித்து வந்தார். இரண்டு போர்டுகளிலும் ஒரே அளவில் பூசினார். "உங்க மிஷின் பவுடருதான். நான் வீட்லருந்து கொண்டாரல."

முதலில் வெளிநாட்டுப் போர்டு. பன்னிரண்டாவது சொட்டில் நீலப் பொறி சீறியது. பதினான்கில் புகை. அதே கறுப்பு வேர். ஹரிபிரசாத் குனிந்து பார்த்தார்.

அடுத்து மஞ்சள் போர்டு. இருபது. முப்பது. மிஷின்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். நாற்பதுக்கு மேல் அவர்களே சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். ஐம்பது! கைதட்டல் கூரையில் மோதியது. ஜெயித்துவிட்டார், சந்தேகமே இல்லாமல் ஜெயித்துவிட்டார்.

"எட்டு மிஷினுக்கும் ஒம் பெட்டிதான்மா. போதும், நிப்பாட்டு" என்றார் அண்ணாச்சி சிரித்தபடி.

மாரிசெல்வி தலை நிமிரவில்லை. பொறுங்கள் என்று இடது கையை மட்டும் அவர் பக்கம் உயர்த்திக் காட்டிவிட்டு, ஐம்பத்தொன்றாவது சொட்டை விட்டார்.