பொட்டு வைத்த சில்லுகள்

போன கிழமை ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கையெழுத்து வாங்கிய தபால்காரப் பெண் உள்ளே என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சுவிசில் ஓல்டனில் இருந்துகொண்டு, கைபேசியைத் தட்டி, ஜப்பானிலிருந்து சாமான் எடுப்பிக்கிறேன் என்றால் சும்மாவா?

பெட்டிக்குள் வட்டமான பிளாஸ்டிக் சில்லுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூதம். ஜப்பானில் விளையாட்டு மண்டபங்களில் பெரிய மிஷின்கள் நிற்கும். சில்லை அதன் வாயில் வைத்தால், அந்தப் பூதம் திரையில் எழும்பி வந்து சண்டை பிடிக்கும். பிள்ளைகள் சில்லுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பார்கள். இது அந்த மிஷினுக்கு வந்திருக்கும் புதுத் தொகுதி. மூடியைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் மணத்தோடு எனக்குச் சந்தன மணமும் வந்தது. பெட்டியில் சந்தனம் இல்லை. ஏன் வந்தது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. ஹோட்டல் குசினியில் சட்டி கழுவிய கையால் திறந்த கடை. என் முருங்கைக்காய்க்காகவே ஒரு ரயிலை விட்டு அடுத்ததில் போனவர்கள் உண்டு. ஓல்டன் அப்படி ஓர் ஊர். எல்லாரும் இறங்குவார்கள், இறங்கி, வேறு ரயிலில் ஏறிப் போய்விடுவார்கள்.

இரண்டாயிரத்துப் பத்து கழிந்த காலம். பேர்ன் பக்கம் ஒரு விளையாட்டு மண்டபத்தை மூடியபோது, அங்கே கழித்துவிட்ட அந்த ஜப்பான் மிஷின் ஒன்றை என் வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். சுவிசில் வேறெந்தத் தமிழ்க் கடையிலும் அப்படியொன்று இல்லை. ஏன், வெள்ளைக்காரன் கடையிலும் இல்லை. நாள் தவறாமல் கருவாடு பார்க்க வரும் குகன் அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடாப்பா, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில தியேட்டர் திறக்கிறியோ?"

"வியாபாரம் அண்ணை. உங்களுக்கு விளங்காது."

வியாபாரம் ஒன்றுமில்லை. என் மகள் தர்ஷி அப்போது சின்னப் பிள்ளை. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, எனக்குக் கடை. பள்ளி விட்டதும் பிள்ளை தானே திறப்பைத் திருப்பி வெறும் வீட்டுக்குள் போய் இருப்பாள். மிஷின் வந்த பிறகு நேரே கடைக்கு வந்தாள். அதற்காகத்தான் அவ்வளவும்.

மிஷின் ஓயாமல் ஜப்பான் மொழியில் கத்தும்.

"என்ன சொல்லுது அப்பா?"

"உன்ர அப்பா பெரிய கெட்டிக்காரன் எண்டு சொல்லுது."

"நேற்றும் இதைத்தானே சொன்னது!"

"உண்மையை எத்தினை தரமும் சொல்லலாம், பிள்ளை."

ஜெர்மனே எனக்கு அந்தநாளில் அரைகுறை. ஜப்பான் மொழியை மட்டும் சரளமாக மொழிபெயர்ப்பேன்.

ஒரு நவராத்திரிக்குப் புதுச் சில்லுத் தொகுதி எடுப்பித்தேன். ஆயுத பூசையன்று தராசுக்கும் வானுக்கும் பொட்டு வைத்தவன், சில்லுகளை விடுவேனா? ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். நடுவில் கறுப்புப் புள்ளிகள் கொஞ்சம் இருந்தன. அலங்காரமாக்கும் என்று நினைத்தேன். அவைதான் மிஷின் வாசிக்கிற எழுத்தாம்! பிள்ளை ஆசையாகச் சில்லை வைத்தாள். மிஷின் மூச்சே காட்டவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, ஒன்றுக்கும் அசையவில்லை.

"ஜப்பான் பேயெல்லாம் சந்தனத்தைக் கண்டு ஓடிட்டுதடா!" என்று குகன் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தர்ஷி அழப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு, வாளித் தண்ணீரும் பழைய பல் தூரிகையுமாகத் தரையில் இருந்தோம். நான் தேய்ப்பேன். அவள் நகத்தால் மிச்சச் சந்தனத்தைச் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது வாசிக்கும்", "இது வாசிக்காது" என்று பிரித்து வைப்பாள். பெரிய டொக்டர் மாதிரி. நான் வாழ்க்கையில் எத்தனையோ சாதித்திருக்கிறேன், கேட்டால் விடியும்வரை சொல்லுவேன். ஆனால் திரும்ப ஒருக்கால் கிடைக்காதா என்று ஏங்குவது அந்தத் தரையில் இருந்த நேரத்துக்குத்தான்.

மிஷின் ஒருநாள் கண்ணை மூடியது. நான் திருத்தாத சாமான் இல்லை. இதற்குள் கையை விட்டும் ஒன்றும் விளங்கவில்லை. திருத்த ஆள் இந்த நாட்டில் இல்லை. கடையை விட்டபோது அதுவும் போனது. மனைவியும் கண்ணை மூடிவிட்டாள். தர்ஷி இப்போது லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் எஞ்சினியர். ஆட்களிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. வீட்டுக்கு வருவதுதான் குறைவு. சூரிச்சுக்கு வேலையாகப் போகும்போது ரயில் ஓல்டனில் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம் நான் பிளாட்பாரத்தில் நிற்பேன்.

நேற்றும் நின்றேன், பெட்டியோடு. புதுச் சில்லுகளுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தேன். கதவு திறந்ததும் நீட்டினேன்.

"புதுசு பிள்ளை. இறங்கன், தேத்தண்ணி குடிச்சிட்டு அடுத்த ரயிலில போகலாம்."

"டெர்மின் இருக்கப்பா, மீட்டிங்குக்கு ஆக்கள் பாத்துக்கொண்டிருப்பினம். இதென்ன... ஐயோ அப்பா!"

பெட்டியிலிருந்து ஒரு சில்லை எடுத்தாள். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது வாசிக்காது," என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். கதவு மூடிவிட்டது. அந்த ஒரு சில்லு அவள் கையோடு போனது.

பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றேன். கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். குகன் அண்ணை மகனோடு லண்டனுக்குப் போய்விட்டார். தலைக்கு மேலே ஒலிபெருக்கி ஜெர்மனில் ஏதோ அறிவித்தது. இப்போது எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். என்ன சொல்லுது அப்பா என்று கேட்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.